எனக்குத் தெரிந்த சிங்களம்

எனக்குத் தெரிந்த சிங்களம்
ஒரு சோதனைச்சாவடியின் நீளம்.
எங்கே போகிறாய், யாரிடம் வந்தாய்,
அடையாள அட்டையை எடு, பையைத் திற.
பத்தொன்பது வயதில் காலி வீதி லொட்ஜ் ஒன்றில்
விசாவுக்குக் காத்திருந்த பதினோரு மாதத்தில் படித்தது.
பதில்களும் தெரியும்,
எல்லாம் ஒற்றைச் சொல்.

இப்போதும் வெள்ளவத்தை. வேறு லொட்ஜ்.
பேர்கனிலிருந்து நாங்கள் மூன்று பேர்,
நான்காவது ஆளுக்கு ஒரு மடக்குக் கட்டில்.
ரயில் போகும்போதெல்லாம்
ஜன்னல் கம்பியிலிருந்து துரு உதிர்கிறது.
எத்தனை ரயில் என்று அகரன் நோர்வேஜிய மொழியில் எண்ணுகிறான்.
தவபாலன் ஃபைலைக் குலைத்துக் குலைத்து அடுக்குகிறார்:
வீட்டறிக்கை, இரத்தப் பரிசோதனை, சம்பளச் சீட்டு,
நாங்கள் நல்லவர்கள் என்று
அயலவர் இரண்டு பேர் எழுதிய கடிதம்,
எல்லாம் மும்மூன்று பிரதி.

அகரனைப் பெற்றபோது
நான் நல்லவளா என்று ஒருவரும் கேட்கவில்லை.

புதுக்கடை நீதிமன்றம்.
பத்து மணிக்கு வரச் சொல்லி ஒன்றரைக்குக் கூப்பிட்டார்கள்.
அதற்குள் நெத்மி
ஒரு பாக்கெட் மாரி பிஸ்கட்டையும்
வாங்கில் இருந்த யாரோ ஒரு பொலிஸ்காரரின் தொப்பியையும்
மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.
இல்லத்திலிருந்து கூட வந்தது ஒரு சொப்பிங் பை:
சளி மருந்து, சீப்பு,
விளக்கை அணைத்தால் அழுவாள் என்று
மேட்ரன் எழுதிய துண்டு.

பெயரை மாற்றுகிறீர்களா, நீதிபதி அம்மா கேட்டார்.
தவபாலன் என்னைப் பார்த்தார்.
ஒரு வருடமாகக் குசினி மேசையில்
சொல்லிச் சொல்லிப் பழகிய பெயர் ஒன்று இருந்தது.
நாலு நாளைக்கு முன்
இல்லத்து முற்றத்தில் அதைச் சொல்லிக் கூப்பிட்டேன்.
யார் வருகிறார்கள் என்று
அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

இல்லை, என்றேன். இருக்கட்டும்.

எழுதுவினைஞர் பக்கம் புரட்டியபோது
நடுவில் ஒரு கையெழுத்து வந்து போனது.
நீல மை. வட்டம் வட்டமாய், மெல்ல மெல்ல,
பள்ளிக்கூடத்தில் எழுதப் பழகியதுபோல.
கடைசி எழுத்தில் பேனா அழுந்தியிருந்தது.
எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது.
ஒரு விநாடி அந்தப் பக்கத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம்.
நிறுத்தவில்லை.
நான் போட வேண்டிய இடம்
இரண்டு பக்கம் தள்ளி இருந்தது.

வெளியே வந்தால் கொச்சிக்கடைப் பக்கம் மழை இருட்டு.
சட்டத்தரணி ஷிரோமாலா எங்கள் கையைக் குலுக்கி
பாஸ்போட்டுக்கு நாளைக்கே பத்தரமுல்லை போகச் சொன்னார்.
வானுக்குள் ஒருவரும் பேசவில்லை.
மகிழ்ச்சிதான். ஆனால் பசி,
ஆனால் அந்த நீல மை.

கொள்ளுப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்கு.
ஒரு பொலிஸ்காரர் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.
நாலு நாளாய் ஒரு சொல்லும் பேசாத பிள்ளை
என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்:
கொஹேத யன்னே?

முதுகு தானாக நிமிர்ந்தது.
கை கைப்பையின் சிப்புக்குப் போனது.
இருபத்தைந்து வருடம் கழித்தும்
கை அவ்வளவு கெட்டிக்காரி.

எங்கே போகிறோம்.
லொட்ஜுக்கு. நாளைக்குப் பத்தரமுல்லைக்கு.
பிறகு ஒரு வாரத்தில்
மழை ஓயாத ஓர் ஊருக்கு, இரண்டாம் மாடிக்கு.
கெதர, என்று சொல்லியிருக்கலாம்.
வீட்டுக்கு என்ற அந்தச் சொல்லும் எனக்குத் தெரியும்,
ஆமிக்காரரிடம் எத்தனையோ முறை சொன்னதுதான்.
அப்போதும் அது பொய்.

தெரியேல்லை குஞ்சு, என்றேன்
தமிழில்.
அந்த நாளில் இந்தப் பதிலுக்கு
பஸ்ஸால் இறக்கியிருப்பார்கள்.

அவள் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தாள்.
பிறகு, வார் கழன்ற செருப்போடு
இடது காலை
என் மடிமேல் தூக்கிப் போட்டாள்,
பூட்டிவிடச் சொல்லி.